கள் முட்டிக்குள்ளே ஒரு சின்ன உயிர்

(திருக்கோவிலில் தென்னந்தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



 

"கையிலே வெட்டா? ரெண்டு சொட்டுச் சாராயம் ஊத்து, கிருமி செத்துப்போகும்." "வயிறு சரியில்லையா? கொஞ்சம் குடி, பூச்சி எல்லாம் ஓடிவிடும்." தோட்டத்திலே இந்தப் பேச்சை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். இதிலே எவ்வளவு உண்மை இருக்கிறது என்று இன்றைக்குப் பார்ப்போம்.

இதற்கு நல்ல சாட்சி கள் முட்டிக்குள்ளேயே இருக்கிறது. அதன் பெயர் ஈஸ்ட். பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் மதுவம் என்று போட்டிருக்கும். பேக்கரியில் பாண் மாவைப் பொங்க வைப்பதும், அப்ப மாவிலே கள் ஊற்றினால் புளிக்க வைப்பதும் இதுதான். இது ஒரே ஒரு கலத்தால் ஆன உயிர். ஏறக்குறைய 200 ஈஸ்டை வரிசையாக வைத்தால்தான் ஒரு மில்லிமீற்றர் வரும். இனிப்பும் இளஞ்சூடும் கிடைத்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஒன்று இரண்டாகும். தாயின் பக்கத்தில் மொட்டுப் போல ஒரு குட்டி முளைத்து, வளர்ந்து, தனியாகப் பிரியும்.

பாளையிலிருந்து வடிகிற இனிப்புச் சாற்றிலே ஈஸ்ட் விழுந்து, சீனியைத் தின்று, மதுசாரத்தைக் கழிவாக விடுகிறது. சீனியைக் கள்ளாக்குவது உயிருள்ள ஈஸ்ட்தான் என்பதை பிரான்ஸ் நாட்டு லூயி பாஸ்டர் 1857 முதல் செய்த ஆய்வுகளால் நிறுவினார். முட்டியிலே சுண்ணாம்பு தடவினால் சாறு புளிக்காததற்கும் இதுவே காரணம். சுண்ணாம்பின் காரத்திலே ஈஸ்ட் வளர முடியாது.

இப்போது கவனியுங்கள். தான் விட்ட கழிவே ஈஸ்டுக்கு எதிரியாகிறது. மதுசாரம் கூடக்கூட ஈஸ்டின் மேல்தோல் தளர்ந்து உள்ளே உள்ளது கசியும். முதலில் மொட்டு விடுவது மெதுவாகும். 100க்கு 10 பங்கைத் தாண்டினால் பெரும்பாலும் பெருகுவது நின்றுவிடும். இன்னும் கூடினால் சாகத் தொடங்கும்.

மேசையிலே இருக்கிற இரண்டு கிளாஸையும் பாருங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு முந்தி இரண்டிலும் ஒரே அளவு சீனியும் ஈஸ்டும் போட்டோம். ஒன்றிலே இளஞ்சூட்டுத் தண்ணீர் மட்டும். அது நுரைத்துப் பொங்கியிருக்கிறது. மற்றதிலே பாதி தண்ணீர், பாதி சாராயம். அது அடங்கிக் கிடக்கிறது.

"அப்போ சாராயம் கிருமியை அடக்குதுதானே!" என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் கணக்கு இருக்கிறது. கிருமியை நன்றாகக் கொல்ல 100க்கு 60 முதல் 80 பங்கு மதுசாரம் வேண்டும். கொரோனா வந்த 2020இலே கையில் பூசிய திரவம் அப்படிப்பட்டது. போத்தல் சாராயத்திலே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மதுசாரம். அது புண்ணை எரிக்கும், சதையைக் கெடுக்கும், கிருமியை முழுதாகக் கொல்லாது. மண்ணிலே இருக்கிற ஏற்புவலிக் கிருமியோ கெட்டியான ஓட்டுக்குள்ளே பதுங்கியிருக்கும். எவ்வளவு கடுமையான மதுசாரமும் அதை ஒன்றும் செய்யாது.

குடித்தால்? குடித்தது உடம்பு முழுக்கப் பரவி நீர்த்துப்போகும். ஈஸ்ட் 100க்கு 5 பங்கு மதுசாரத்திலும் உயிரோடு இருக்கும். மனிதனின் இரத்தத்திலே 100க்கு அரைப் பங்குகூட ஏறவேண்டாம், அதற்குள்ளேயே மூச்சு நின்றுபோகலாம். உள்ளே உள்ள கிருமி சாகுமுன்னே நாம் செத்துவிடுவோம்!

தாய்மாரே, நாமும் முதலிலே வயிற்றுக்குள் ஒரே கலமாகத்தான் தொடங்கினோம். தாய் குடித்தால் மதுசாரம் தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கர்ப்ப காலத்திலே இவ்வளவு குடிக்கலாம் என்று ஒரு அளவே கிடையாது.

ஆகவே, கத்தியோ அலவாங்கோ பட்டால் ஓடுகிற சுத்தமான தண்ணீராலும் சவர்க்காரத்தாலும் கழுவுங்கள். சுத்தமான துணியால் கட்டி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஏற்பு ஊசி வேண்டுமா என்று கேளுங்கள். வயிற்றுப் பூச்சிக்குக் குளிசை இருக்கிறது. நாள்தோறும் நிறையக் குடித்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். டாக்டரிடம் சொல்லி, அவர் சொல்கிறபடி நிறுத்துங்கள்.

கள்ளை உண்டாக்குகிற உயிரே மதுசாரம் கூடினால் சாகத் தொடங்குகிறது. நமக்கு அது எப்படி மருந்தாகும்?