தண்ணீரைத் தேடி வந்த கொசு

இன்று பட்டம் பெறும் மாணவ மாணவியரே!

நான் பூச்சியியல் படித்தவன். இன்று கொசுவைப் பற்றித்தான் பேசப்போகிறேன். தருமபுரியில் அதைப் பேசக் காரணம் இருக்கிறது. 2002-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் ஒரு கட்டுரை வெளியானது. கிருஷ்ணகிரி பிரிவதற்கு முந்தைய தருமபுரி மாவட்டத்தில், இரண்டு கிராமங்களில் பரவிய டெங்கு காய்ச்சலைப் பற்றிய கட்டுரை அது. டெங்கு பெருநகரத்து நோய் என்று பலரும் நம்பியிருந்த காலம். மானாவாரிக் காடுகளுக்கு நடுவே இருக்கும் ஊருக்குள் அது எப்படி வந்தது?

பதிலுக்கு வெகுதூரம் பின்னோக்கிப் போக வேண்டும். இரத்தம் குடிக்கும் பழக்கம் பூச்சிகளிடம் ஒரே முறை தோன்றிப் பரவியதல்ல. கொசு, பேன், மூட்டைப்பூச்சி, தெள்ளுப்பூச்சி எல்லாம் தனித்தனி வழியில் அதற்கு வந்து சேர்ந்தவை. பெயரிடப்பட்ட பூச்சி இனங்கள் ஏறக்குறைய பத்து லட்சம். அவற்றில் இரத்தம் குடிப்பவை சுமார் 14,000 மட்டுமே. அது அவ்வளவு கடினமான பிழைப்பு. இரத்தத்தில் புரதம் ஏராளம், பி வைட்டமின்களோ மிகக் குறைவு. அதனால் வாழ்நாள் முழுக்க இரத்தத்தையே நம்பியிருக்கும் மூட்டைப்பூச்சி, தனக்கு வைட்டமின் தயாரித்துத் தரும் பாக்டீரியாவை உடலுக்குள்ளேயே குடிவைத்திருக்கிறது. கொசு வேறு வழியில் போனது. ஆணும் பெண்ணும் பூந்தேனும் செடிச்சாறும் குடிக்கின்றன. முட்டை வைப்பதற்காகப் பெண் மட்டும் இரத்தம் தேடுகிறது. லெபனானில் சுமார் 13 கோடி ஆண்டு பழமையான மரப்பிசின் படிமத்தில் இரண்டு ஆண் கொசுக்கள் கிடைத்ததாக 2023-இல் அறிவித்தார்கள். அவற்றின் வாயுறுப்புகள் துளைப்பதற்கேற்ற கூர்மையோடு இருந்தன. ஒரு காலத்தில் ஆண் கொசுவும் கடித்திருக்கலாம் என்பது கண்டெடுத்தவர்களின் கருத்து. மறுபுறம், டாக்சோரிங்கைட்டிஸ் என்ற கொசு இன்று இரத்தத்தைத் தொடுவதே இல்லை. அதன் புழு மற்றக் கொசுப்புழுக்களைத் தின்று வளர்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கொசு அது.

இனி டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் ஈஜிப்டிக்கு வருவோம். அதன் முன்னோர்கள் ஆப்பிரிக்கக் காட்டு மரப்பொந்துகளில் தேங்கிய மழைநீரில் முட்டையிட்டு, கண்ணில் பட்ட விலங்குகளைக் கடித்து வாழ்ந்தவை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் குழுவினர் ஆப்பிரிக்காவில் 27 இடங்களிலிருந்து இந்தக் கொசுவைச் சேகரித்து, மனித வாடையையும் விலங்கு வாடையையும் எதிரெதிரே வைத்துச் சோதித்தார்கள். முடிவு 2020-இல் வெளியானது. மனிதர்கள் நெருக்கமாக வாழும் இடங்களிலும், அதைவிட முக்கியமாக, வறட்சி நீண்டு கடுமையாக இருக்கும் இடங்களிலும் உள்ள கொசுக்களே மனிதனை அதிகம் நாடின. மரப்பொந்து வறண்ட மாதங்களில் தண்ணீர் இருந்த இடம் மனிதனின் பானைதான். சகாரா வறளத் தொடங்கிய காலத்தை ஒட்டி, ஏறக்குறைய 5,000 ஆண்டுகளுக்கு முன், பானையை நம்பி வந்த கொசு பானைக்குரியவரையே கடிக்கப் பழகியது என்று மரபணுக் கணக்கும் சொல்கிறது. பிறகு அடிமை வணிகக் கப்பல்களின் தண்ணீர்ப் பீப்பாய்களோடு அமெரிக்கா போனது. ஆசியத் துறைமுகங்களில் அது வேரூன்றியது பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டில்.

அந்தக் கொசுவை உருவாக்கிய அதே நிலைமை நம் மாவட்டத்தில் இருக்கிறது. நீண்ட கோடை. கிணற்றிலும் ஆழ்துளைக் கிணற்றிலும் புளோரைடு. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரைக் கொண்டுவந்தது; தலைமுறைகளின் பல்லையும் எலும்பையும் கெடுத்த நீருக்கு மாற்று வந்தது. ஆனால் பல ஊர்களில் குழாயில் தண்ணீர் தினமும் வருவதில்லை. வரும் நாளில் டிரம்மிலும் அண்டாவிலும் சிமெண்ட் தொட்டியிலும் பிடித்து வைக்காத வீடு உண்டா? முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். நீர்மட்டத்துக்கு மேலே தொட்டிச் சுவரில் ஒட்டிய முட்டையோ, மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரியும். தொட்டியைக் காலி செய்தால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும் என்று கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாகச் சொல்வது இதனால்தான்.

டெங்கு வந்ததும், மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தண்ணீரைச் சேமிக்கும் தாய் தன் குடும்பத்தைக் காக்கிறாள். அவளுக்குத் தேவை இறுக மூடும் மூடியும், சொன்ன நாளில் வரும் தண்ணீரும்.

மருந்து அடித்தால் தீராதா என்று கேட்பீர்கள். மலேரியாவில் நடந்ததைப் பாருங்கள். 1953-இல் தொடங்கிய மலேரியாக் கட்டுப்பாட்டில் டிடிடி என்ற பூச்சிக்கொல்லி அற்புதம் செய்தது. 1961-இல் நாடு முழுவதும் பதிவான மலேரியா ஐம்பதாயிரத்துக்கும் கீழே இறங்கியது. 1976-இல் 64 லட்சத்தைத் தாண்டியது. பணிகள் தளர்ந்தது ஒரு காரணம். டிடிடிக்குச் சாகாத கொசுக்கள் பெருகியது இன்னொன்று. பரிணாமம் நம் தாத்தா பாட்டி காலத்திலேயே, நம் வீட்டுச் சுவரிலேயே நடந்தது.

மலேரியாவைப் பேசும்போது, கிராமங்களில் அதைப் பரப்பும் முக்கியக் கொசுவான அனாபிலிஸ் கியூலிசிபேசிஸையும் சொல்ல வேண்டும். ஆற்று நீர் வற்றும்போது மணலிலும் பாறைக்குழியிலும் தேங்கும் நீர் அதற்குப் பிடித்த இடம். ஒரே இனம் என்று நினைத்தது உண்மையில் ஐந்து இனங்கள். கண்ணால் பார்த்தால் பிரித்தறிய முடியாது. ராமேஸ்வரம் தீவில் அவற்றுள் பி (B), இ (E) என்று குறிக்கப்படும் இரண்டு சேர்ந்தே வாழ்கின்றன. பி இனம் மாட்டை நாடும், மலேரியாவைப் பரப்புவதில் பங்கு இல்லை என்றே சொல்லலாம். இ இனம்தான் அங்கே மனிதரைக் கடித்து நோயைப் பரப்புகிறது. குரோமோசோமைப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். விலங்கியல் மாணவர்களே, அந்த நுண்ணோக்கி வேலைக்கு ஆள் போதவில்லை. வாருங்கள்.

மற்றவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்களில் சிலர் ஆசிரியராவீர்கள், சிலர் ஊராட்சி அலுவலகத்தில் அமர்வீர்கள், சிலர் கணினியோடு பெங்களூருக்குப் போவீர்கள். எங்கிருந்தாலும் உங்கள் ஊருக்காக ஒரு நோட்டைத் தொடங்குங்கள். குழாயில் தண்ணீர் வந்த தேதி ஒரு பக்கம், காய்ச்சலில் படுத்தவர்களின் எண்ணிக்கை எதிர்ப்பக்கம். ஓராண்டு எழுதிய பிறகு அதை வட்டார மருத்துவ அலுவலரிடமும் குடிநீர் வாரியப் பொறியாளரிடமும் ஒரே நாளில் கொண்டுபோய்க் காட்டுங்கள். இருவரையும் ஒரே மேசையில் உட்காரவையுங்கள்.