புழுப்பொறுக்கியார் வந்திட்டார்

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்த மாதச் சந்திப்புக்கு 'வீட்டில் வசந்தம்' என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். சிட்னியில் இருந்தும் மெல்பேர்னில் இருந்தும் இணைந்திருக்கும் நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கு இது இலையுதிர்காலம். நான் ஸ்காபரோவில் இருந்து பேசுகிறேன். ஏப்ரல் பிறந்துவிட்டது, ஆனால் கராஜ் மூலையில் கறுத்துப்போன பனி இன்னும் கொஞ்சம் கிடக்கிறது. எனக்குத் தெரிந்த வசந்தம் இதுதான், இதைப் பற்றியே பேசுகிறேன்.

முதலில் கொஞ்சம் இலக்கியம். சித்திரையும் வைகாசியும் நமக்கு இளவேனில். தொல்காப்பியம் வேனிலைப் பாலைத் திணைக்குக் கொடுத்திருக்கிறது. பாலை என்றால் பிரிவு. ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலைப் பகுதியில் 'இளவேனிற் பத்து' என்று பத்துப் பாட்டு இருக்கிறது. போனவர் இன்னும் திரும்பவில்லை, பருவமோ தன் பாட்டில் வந்து நிற்கிறது. பத்துப் பாட்டின் விஷயமும் இவ்வளவுதான். ஊரை விட்டு வந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆனால் நான் அதில் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. அந்தப் பெண் 'காலம் மாறிவிட்டது' என்று பொதுவாகச் சொல்லி நிறுத்துவதில்லை. ஒரு பாட்டில் கோங்கின் மொட்டு, இன்னொன்றில் புன்கின் பூ, மற்றொன்றில் மாந்தளிர், வேறொன்றில் வேப்பம்பூ. தன் கண்ணுக்கு முன்னால் இருப்பதைப் பார்த்துத்தான் அழுகிறாள். இப்போது நம்முடைய புலம்பெயர் கவிதைகளை எடுத்துப் பாருங்கள். ரொறன்ரோவில் குயில் கூவுகிறது, ஒஸ்லோவில் மாமரம் பூக்கிறது. நினைவில் கூவினால் சரி, அது நியாயம். யன்னலுக்கு வெளியே கூவுவதாக எழுதும்போதுதான் எனக்கு இடறுகிறது. கனடாவில் குயில் இல்லை. இங்கே மார்ச்சில் வருவது வேறு ஆட்கள்.

அவர்களில் முக்கியமானவர் ரொபின். செங்கல் நிற நெஞ்சு, சாம்பல் முதுகு, புல்தரையில் நாலு எட்டு ஓடி நின்று தலையைச் சரித்துப் பார்க்கும் குருவி. அதன் பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. இங்கிலாந்தில் இருந்து வந்து குடியேறியவர்கள் தங்கள் ஊரில் ஒரு சின்னச் செந்நெஞ்சுக் குருவியை ரொபின் என்று அழைத்தார்கள். இங்கே நெஞ்சு சிவந்த ஒரு பறவையைக் கண்டதும் அதே பெயரைச் சூட்டிவிட்டார்கள். இரண்டும் வேறு வேறு குடும்பம், அளவிலும் இது நல்ல பெரிது. ஒரியோலின் கதையும் அப்படித்தான். நம்முடைய மாங்குயிலுக்கு உறவான ஐரோப்பியப் பறவையின் பெயரைத் தூக்கி, உறவே இல்லாத ஒரு பறவைக்கு வைத்தார்கள். ஆக, ஊர் ஏக்கத்தில் பெயர் வைப்பது நாம் தொடங்கிய வேலை அல்ல. நமக்கு முன் வந்தவர்களும் அதைத்தான் செய்திருக்கிறார்கள்.

என் அம்மா 2011இல் இங்கே வந்தார். முதல் பனிக்காலம் முழுக்க யன்னலோரக் கதிரைதான். வாயில் இருந்து வார்த்தை வருவது குறைந்துகொண்டே போனது. இந்த நாட்டில் வயதானவர்களைப் பராமரிக்கும் வீடுகளில் இருப்பவர்களுக்கு இந்த மௌனம் தெரியும். சாப்பாடும் மருந்தும் சூடும் எல்லாம் இருக்கும், பேசுவதற்கு விஷயம் இருக்காது. மார்ச் கடைசியில் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "உதென்ன குருவி, பிள்ளை? விடியத் தொடக்கம் புழுப் பொறுக்குது" என்றார். ரொபின் என்று சொன்னேன். அந்தப் பெயர் அவருக்குச் சரிவரவில்லை. அடுத்த நாள் அவராகவே, "புழுப்பொறுக்கியார் வந்திட்டார்" என்றார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் அதுதான் பெயர்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. தோளில் சிவப்புப் பட்டியோடு நாணற்புல்லில் இருந்து கத்துகிற கறுப்புக் குருவி 'பொலிஸ்காரன்'. கூடு கட்டும் காலத்தில் கிட்டப் போனால் தலையில் கொத்த வருகிற சுபாவமும் உண்டு, பெயர் பொருத்தம்தான். காடினலில் ஆண் முழுச் சிவப்பு. வசந்தத்தில் அது விதையை எடுத்துப் பெண்ணுக்கு வாயில் ஊட்டும். அதனால் 'மாப்பிள்ளை'. இங்கிலாந்துக்காரர் நினைவில் இருந்து பெயர் வைத்தார்கள், அம்மா பார்த்து வைத்தார். என் மகளுக்குத் தமிழில் பத்துப் பறவையின் பெயர் தெரியும் என்றால் அதில் மூன்று இப்படி வந்தவை. தமிழ் வகுப்பில் மனப்பாடம் செய்த 'மைனா'வை அவள் ஒரு நாளும் தானாகச் சொன்னதில்லை. 'பொலிஸ்காரன்' என்று கத்திக்கொண்டு ஓடுவாள்.

இன்னொன்று. பனியாறுகள் மூடியிருந்த இந்த வடபகுதியில் மண்புழு இருக்கவில்லை. இப்போது நம் புல்தரையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை ஐரோப்பியரோடு வந்து சேர்ந்தவை. குடியேறிய புழுவை, குடியேறியவர் பெயர் வைத்த குருவி தின்கிறது, குடியேறிய கிழவி பார்த்துக்கொண்டிருக்கிறார். சரி, அதை விடுவோம்.

தோட்டம் என்று வந்தால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கு இன்னும் தீரவில்லை. யாழ்ப்பாணத்தில் விடிய எழும்பி முற்றம் கூட்டாத வீடு வீடில்லை. இங்கே ஏப்ரலில் வெயில் எட்டிப் பார்த்ததும் அம்மா போன வருஷத்துச் சருகைக் கூட்டி அள்ளப் போவார். அந்தச் சருகுக்குள்ளும் காய்ந்த தண்டுக்குள்ளும் பூச்சிகளும் சில்லறைத் தேனீக்களும் பனிக்காலத்தைக் கழித்திருக்கும். நன்றாகச் சூடு பிடிக்கும் வரை விட்டுவைத்தால் அவை வெளியே வரும். புழுப்பொறுக்கியாருக்கும் அதற்குள்தான் சாப்பாடு. இதைச் சொன்ன பிறகு ஒரு சமரசம் ஏற்பட்டது. முன்வாசல் அம்மாவின் பொறுப்பு, விளக்குமாறு அங்கே மட்டும் போகும். பின்வளவு குருவிகளுடையது.

மிளகாய், கத்தரி எல்லாம் மார்ச்சிலேயே வீட்டுக்குள் விதை போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் காய்க்க முதல் குளிர் வந்துவிடும். கண்டுகளை வெளியே நட விக்டோரியா தின வாரம் வரை, அதாவது மே பிற்பகுதி வரை, இங்கே பொறுத்திருப்பார்கள். அதற்கு முன் ஒரு வாரம், பத்து நாள் அவற்றைப் பழக்க வேண்டும். முதல் நாள் ஒரு மணி நேரம் நிழலில், பிறகு கொஞ்சம் வெயில், கொஞ்சம் காற்று, இரவில் மறுபடி உள்ளே. உள்ளே வளர்ந்த கண்டை ஒரேயடியாக வெளியில் வைத்தால் இலை வெளுத்துச் சுருண்டுவிடும். அம்மா வந்த வருஷம் நாங்கள் அவரை இவ்வளவு பக்குவமாக வெளியே கொண்டுவந்தோமா என்று சில நேரம் யோசிப்பதுண்டு.

இனி அலங்காரம். வருஷப் பிறப்புக்குக் கடையில் பிளாஸ்ரிக் மாவிலைத் தோரணம் விற்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. போர்சித்தியா என்று ஒரு செடி இங்கே பல வீட்டு வேலியில் இருக்கும். மார்ச்சில் அதன் மொட்டையான கொப்புகளை வெட்டி வீட்டுக்குள் தண்ணீரில் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் இலை வருமுன்னே மஞ்சளாகப் பூத்துத் தள்ளும். எங்கள் நிறைகுடத்துக்குப் பக்கத்தில் அதுதான் நிற்கிறது. கொன்றை மாதிரி இருக்கிறது என்றார் ஒரு விருந்தினர். இல்லை, போர்சித்தியா மாதிரியே இருக்கிறது.

கடைசியாக யன்னல். இதை மட்டும் தயவுசெய்து கேட்டுக்கொள்ளுங்கள். வலசை வரும் குருவிகளுக்குக் கண்ணாடி தெரியாது. அதில் தெரியும் வானத்தையும் மரத்தையும் நிஜம் என்று நம்பிப் பறந்து வந்து மோதும். ரொறன்ரோவில் 'பிளாப்' என்ற அமைப்பு 1993 முதல் இதற்காக வேலை செய்கிறது. அதன் தொண்டர்கள் விடியற்காலையில் கட்டட அடிவாரங்களில் விழுந்து கிடப்பவற்றைப் பொறுக்கி, உயிர் இருப்பதைக் காப்பாற்றுகிறார்கள். உயர்ந்த கட்டடங்கள் மட்டும் அல்ல, நம் வீட்டு யன்னலிலும் மோதும். பருந்துப் படம் ஒன்றை ஒட்டுவதால் பயனில்லை. கண்ணாடியின் வெளிப்பக்கத்தில், முழுப் பரப்பிலும், 5 சென்ரிமீற்றர் இடைவெளியில் புள்ளிகள் வேண்டும். அதற்கென்றே ஒட்டும் புள்ளிகள் விற்கிறார்கள், ரெம்பரா வர்ணத்தாலும் வைக்கலாம்.

இதை மகள் வீட்டில் விளக்கியபோது அம்மா சொன்னது: "அதுக்கென்ன, புள்ளிக் கோலம்தானே." அளவுகோலை மகள் பிடிக்க, புள்ளியை அம்மா வைத்தார். வாசலில் போட்டால் ஏப்ரல் மழையும் பனியும் கொண்டுபோய்விடும் கோலம் இப்போது பின்யன்னலில் நிற்கிறது. ஒரு மூலையில் மட்டும் புள்ளிகளைச் சுற்றிக் கோடும் இழுத்திருக்கிறார், மிச்சம் வெறும் புள்ளி. வர்ணம் கரையும் இடத்தில் வருஷா வருஷம் திருப்பி வைக்க வேண்டும். மே மாதம் சின்னக் குருவிகள் கூட்டமாக வருமுன் முடித்துவிட வேண்டும், அதனால் இந்தச் சனிக்கிழமை எங்கள் வீட்டில் அந்த வேலை இருக்கிறது.

நேரம் ஆகிவிட்டது. உங்கள் ஊரில் எந்தப் பறவை முதலில் வருகிறது, அதற்கு வீட்டில் என்ன பெயர் என்று அரட்டைப் பெட்டியில் எழுதுங்கள், வாசிக்கிறேன்.