கூலிக்குப் பேசும் வாயும் குமுக வலைத்தளமும்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'மக்கள் தொடர்பு' என்றொரு தொழில் உண்டு. நம் அரசிலும் அப்பெயரில் ஒரு துறை இருக்கின்றது. பெருங்குழுமங்கள் ஒவ்வொன்றிலும் அதற்கெனத் தனி அறையும் ஆளும் உண்டு. பெயரைக் கேட்போர் மக்களைத் தேடிப்போய்ப் பழகும் பணி அது என்றே எண்ணுவர். ஆனால் நூறாண்டுக் காலமாக அத்தொழிலினர் தொடர்பு கொண்டிருந்தது மக்களோடு அன்று, இதழாசிரியர்களோடுதான். மக்கள் என்போர் அவ்வாசிரியர்களுக்கு அப்பால், காலையில் தாளை விரித்துப் படித்துவிட்டு வாய்மூடி இருப்பவர்களாகவே கருதப்பட்டனர்.

இத்தொழில் பிறந்த இடம் அமெரிக்கா. 1906 அக்டோபர் 28ஆம் நாள் அட்லாண்டிக்குச் சிற்றி என்னும் ஊரருகே, பாலத்தின்மீது சென்ற தொடர்வண்டி நீரில் வீழ்ந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதுகாறும் தொடர்வண்டிக் குழுமங்கள் இத்தகு நேர்ச்சிகளை மூடி மறைப்பதே வழக்கம். பென்சில்வேனியாத் தொடர்வண்டிக் குழுமத்திற்காகப் பணியாற்றிய ஐவி லீ என்பார், நிகழ்ந்ததைத் தாமே எழுதி இதழ்களுக்கு விடுத்தார். செய்திக்குறிப்பு என்று இன்று நாம் அறிந்திருக்கும் தாளுக்கு அதனையே முதல் எனப் பலரும் சுட்டுவர். மறைப்பதைவிடச் சொல்வதே ஊதியந்தரும் என்று கண்டவர் அவர். அவரையடுத்து வந்த எட்வர்டு பெர்னேசு, உளநூல் வல்லுநர் பிராய்டின் மருமகன். அவர் இன்னும் ஒருபடி மேலே போனார். 1929இல் நியூயார்க்குத் தெருவில், ஈசுட்டர் ஊர்வலத்தின்போது பெண்கள் சிலரை வெண்சுருட்டுப் புகைத்துக்கொண்டு நடக்கச் செய்தார். பெண்விடுதலைச் செய்தியாக அஃது இதழ்களில் வெளிவந்தது. பின்னால் நின்று பணம் கொடுத்ததோ புகையிலைக் குழுமம்! செய்தியைச் சொல்லுதல் ஒருவர் வழி. செய்தியைச் செய்தல் மற்றவர் வழி. இரண்டு வழிக்கும் இடையில் இதழாசிரியர் என்னும் ஒரு வாயில் இருந்தது. அவ்வாயிலைத் தன்வயப்படுத்தியவன் வென்றான்.

அவ்வாயிலைத்தான் இணையம் பெயர்த்தெறிந்து விட்டது. 2004இல் முகநூலும், 2005இல் யூடியூபு என்னும் வலையொளியும், 2006இல் துவிட்டர் என்னும் கீச்சகமும் தோன்றின. கீச்சகம் 2023இல் எக்சு எனப் பெயர் மாறியது. பேசுவதற்கு இனி அச்சகம் வேண்டுவதில்லை. கையில் ஒரு பேசி போதும்.

தேவு கரோல் என்னும் கனடா நாட்டுப் பாடகரின் கதையைச் சற்று விரித்துரைப்பது தகும். 2008ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவர் தம் குழுவினருடன் யுனைடெட் குழுமத்தின் வானூர்தியில் சென்றார். சிகாகோ நிலையத்தில் சுமையாட்கள் இசைக்கருவிகளைத் தூக்கியெறிவதை உள்ளிருந்தவர்கள் கண்டு கூவினர். அவருடைய கித்தார் உடைந்தது. அதன் விலை 3,500 தாலர். அவர் முறையிட்டார். ஒருவர் மற்றொருவரைக் கைகாட்டினார். மற்றொருவர் வேறொருவரைக் காட்டினார். முடிவில், 24 மணி நேரத்திற்குள் முறையிடவில்லையாதலின் இழப்பீடு இல்லை என்று கூறிவிட்டனர். ஏறத்தாழ ஒன்பது திங்கள் இவ்வாறு கழிந்தன. பழைய காலமாயின் கதை அவ்வளவில் முடிந்திருக்கும். எந்த நாளிதழ் ஒருவனுடைய உடைந்த கித்தாருக்கு இடந்தரும்? கரோல் ஒரு பாட்டுக் கட்டினார். 2009 சூலை 6ஆம் நாள் அதனைக் காணொளியாக வலையொளியில் ஏற்றினார். ஒரே நாளில் ஏறத்தாழ ஒன்றரை இலக்கம் முறை அது பார்க்கப்பட்டது. பின்னர்க் கோடிகளைக் கடந்தது. ஒன்பது திங்களாக வாய் திறவாத குழுமம் தானே அவரை அழைத்துப் பணம் தர முன்வந்தது. அவர் அதனை ஏற்கவில்லை. அறத்திற்குக் கொடுங்கள் என்றார். குழுமம் ஓர் இசைப் பயிற்சி நிறுவனத்திற்கு 3,000 தாலர் கொடுத்தது. அப்பாட்டையே தன் பணியாளர் பயிற்சிக்கும் பயன்படுத்திக்கொண்டது.

பயிற்சி எந்த அளவிற்குப் பயன்பட்டது என்பதை 2017ஆம் ஆண்டு காட்டிற்று. அதே குழுமம், அதே சிகாகோ. ஏப்பிரல் 9ஆம் நாள், ஏறி அமர்ந்துவிட்ட வானூர்தியிலிருந்து நால்வர் இறங்க வேண்டும் என்றனர். தம் பணியாளர் நால்வருக்கு இடம் வேண்டுமாம்! 69 அகவை மருத்துவர் ஒருவர் இறங்க மறுத்தார். நிலையக் காவலர் வந்து அவரை இருக்கையிலிருந்து இழுத்து, முகத்தில் குருதி வழிய, நடுவழியில் தரையோடு இழுத்துச் சென்றனர். அருகிலிருந்தோர் தம் பேசிகளில் அதனைப் படம் பிடித்தனர். மறுநாள் உலகம் முழுவதும் பார்த்தது.

இங்கேதான் மொழியறிவுடையார் உற்று நோக்க வேண்டிய ஒன்று உள்ளது. குழுமத் தலைவர் ஆசுகார் முனோசு முதலில் விடுத்த அறிக்கையில், அவ்வழிச்செல்வோரை 'மாற்றி அமரவைக்க' நேர்ந்தமைக்கு வருந்துவதாக ஒரு சொல்லை ஆண்டார். குருதி ஒழுக இழுத்துச் செல்வதற்கு 'மாற்றி அமரவைத்தல்' என்று பெயர்! இத்தனைக்கும் மக்கள் தொடர்புத் துறையின் இதழ் ஒன்று அதற்கு முந்திய திங்களில்தான் அவரை ஆண்டின் சிறந்த செய்தித் தொடர்பாளர் எனப் பாராட்டியிருந்தது. படம் இல்லாத காலத்தில் அச்சொல் செல்லுபடியாகியிருக்கும். படமும் சொல்லும் ஒரே திரையில் அருகருகே நின்றபொழுது, சொல் பொய்யென்பதைச் சிறுபிள்ளையும் கண்டுகொண்டது.

இக்குழுமங்களின் வருத்தவுரைகளுக்கு ஒரு தனி இலக்கணமே உண்டு. 'தவறு நேர்ந்துவிட்டது' என்பர். 'தவறு செய்தோம்' எனார். செய்தவன் எழுவாயாக வந்துவிடலாகாதே! 'இடையூறு ஏற்பட்டிருப்பின் வருந்துகிறோம்' என்பர். அந்த 'இருப்பின்' என்னும் எச்சம் நடந்ததையே ஐயத்துக்குள்ளாக்கி விடுகின்றது. பள்ளி மாணவனும் அறிந்த இவ்விலக்கணத்தைக் கொண்டுதான் பெரும்பொருள் ஈட்டும் ஒரு தொழில் நடந்து வந்தது. இன்றோ அறிக்கை வெளிவந்த சில மணித்துளிகளில் ஆயிரவர் அதனைச் சொல்சொல்லாகப் பிரித்து நகையாடுகின்றனர்.

இன்னொன்றும் நிகழ்ந்தது. முனோசு தம் பணியாளர்க்கெனத் தனியே ஒரு மடல் எழுதினார். அதில் அம்மருத்துவரை ஒழுங்கைக் குலைத்துச் சண்டைக்கு நின்றவர் என்று குறித்தார். உள்ளார்க்கு எழுதிய மடல் அன்றே வெளியில் உலவியது. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று எனப் பேசுவதற்கு இருந்த சுவரும் இடிந்தது. ஏப்பிரல் 11ஆம் நாள் அவர் முழுமையாக மன்னிப்புக் கேட்டார். அத்திங்கள் 27ஆம் நாள் மருத்துவரோடு இணக்கம் செய்துகொண்டனர். இடத்தை விட்டுத்தர இசைவார்க்கு 10,000 தாலர் வரை தருவோம் என்றும் அன்றே அறிவித்தனர். வானூர்திக்குள் அறிவிப்பில் சொன்ன தொகையோ 800 தாலர்!

ஆகலின், இனிப் பொய் எடுபடாது, மக்கள் வென்றனர் என்று மகிழ்ந்து கலைந்து விடலாமோ? விடலாகாது. வாயில் பெயர்ந்தது, உண்மை. அவ்வழியே மக்கள் மட்டுமா நுழைந்தனர்? மக்களைப் போல் வேடமிட்டோரும் நுழைந்தனர்.

இலண்டனில் பெல் பாட்டிஞ்சர் என்றொரு மக்கள் தொடர்புக் குழுமம் இருந்தது. மார்கரெட்டு தாட்சருக்குப் பரப்புரை வகுத்துத் தந்த திம் பெல் என்பார் நிறுவியவருள் ஒருவர். 2016இல் தென்னாப்பிரிக்காவின் குப்தா குடும்பத்துக் குழுமம் ஒன்று திங்களுக்கு 1,00,000 பவுன் கூலிக்கு அதனை அமர்த்தியது. குப்தா குடும்பத்தார் அன்றைய குடியரசுத் தலைவர் சேக்கப்பு சூமாவுக்கு நெருக்கமானவர்கள்; அரசைத் தம் வயப்படுத்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள். அக்குற்றச்சாட்டினின்றும் மக்கள் கண்ணைத் திருப்ப 'வெள்ளையர் முற்றுரிமை முதலாண்மை' என்னும் பொருள்படும் ஒரு முழக்கம் பரப்பப்பட்டது. அந்நாட்டில் வெள்ளையர் கையில் செல்வம் குவிந்திருப்பது மெய். கறுப்பின மக்களின் மனப்புண் மெய். அம்மெய்யான புண்ணைக் கூலிக்காகக் கிளறியதுதான் கொடுமை. அம்முழக்கத்தைக் கீச்சகத்தில் எடுத்தோதிய கணக்குகளில் போலியானவை நூற்றுக்கணக்கில் இருந்தன என்பதை அந்நாட்டு இதழாளர்கள் வெளிக்கொணர்ந்தனர். பெயர் இருந்தது, முகம் இருந்தது, சினம் இருந்தது, ஆள் இல்லை! பெர்னேசுக்குத் தெருவில் நடக்க உண்மையான பெண்களாவது வேண்டியிருந்தது.

2017இல் குப்தா குடும்பத்தாரின் மின்மடல்கள் கசிந்து வெளியாயின, உண்மை தெரிந்தது. செப்டம்பர் 4ஆம் நாள் பிரித்தானிய மக்கள் தொடர்புச் சங்கம் அக்குழுமத்தை விலக்கியது. வாடிக்கையாளர் ஓடினர். எட்டே நாளில் குழுமம் நொடித்துக் கடன்தீர்ப்பார் கையில் போயிற்று. தென்னாப்பிரிக்க மக்களுக்கிடையே அது விதைத்துச் சென்ற பகை அதனோடு நொடித்துவிடவில்லை.

போலிக் கணக்கைவிட நயமான வழி இன்னொன்று. பல்லாயிரவர் பின்தொடரும் ஒருவர், தம் அடுக்களையில் நின்று, 'நான் நாள்தோறும் இதைத்தான் பயன்படுத்துகிறேன்' என்று வீட்டாரைப் போலப் பேசுகின்றார். அதற்கு அவர் கூலி பெற்றிருப்பார். கூலி பெற்றுப் பேசுதல் குற்றமன்று. பெற்றதை மறைத்தல் குற்றம். இந்தியாவில் விளம்பரத் தர மன்றம் 2021இல் இதற்கு நெறிமுறை வகுத்தது. நடுவண் அரசின் நுகர்வோர் துறையும் 2023 சனவரியில் வழிகாட்டி வெளியிட்டது. விளம்பரம் என்பதைப் பார்ப்பவர் தவறவிடாதபடி காட்ட வேண்டும் என்பதே அவற்றின் உயிர்நிலை.

ஆனால் மன்றத்தின் நெறிமுறையில் ஒரு சிறு சொல் இருக்கின்றது. அவ்வறிவிப்பு ஆங்கிலத்திலோ, அல்லது விளம்பரத்தின் மொழியில் பெயர்த்தோ இருக்கலாம் என்கின்றது. அந்த 'அல்லது' போதாதா? முழுக்கத் தமிழில் பேசிய காணொளியின் மூலையில் ஆங்கில எழுத்து இரண்டு பொறிக்கப்படும், நெறிமுறை நிறைவேறியதாகிவிடும். அப்பேச்சை நம்பி மருந்தும் பற்பசையும் குழந்தைமாவும் வாங்கும் தாய்க்கு அவ்விரண்டு எழுத்தும் எதைச் சொல்லும்? 2022இல் நடுவண் நுகர்வோர் காப்பு ஆணையம் வெளியிட்ட விளம்பர விதிகளில், விலக்குரை எதுவாயினும் விளம்பரம் எம்மொழியில் உரிமை கோருகிறதோ அம்மொழியிலேயே, அதே எழுத்து வடிவில் இருத்தல் வேண்டும் என்று தெளிவாக உள்ளது. அவ்விதியைக் கூலிப்பேச்சின் அறிவிப்புக்கும் விரித்து, 'அல்லது' என்பதை மன்றம் நீக்கவேண்டும் என்று கேட்பதற்கு எவருடைய இசைவும் வேண்டுவதில்லை. நுகர்வோர் குறைகளைக் கேட்க 1915 என்னும் தொலைபேசி எண் உண்டு. மன்றத்திற்கும் முறையீட்டை இணையத்திலேயே விடுக்கலாம். தமிழிலேயே எழுதி விடுக்கலாம்.