முதலில் மேசை, பிறகு வேலை

(நம் குடியிருப்பின் எலக்ட்ரானிக்ஸ் பொழுதுபோக்குக் குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தனி வணக்கம். வேலை செய்யப்போவது நீங்கள்தான்.

வரும் டிசம்பரில் ஜெமினிட் எரிகல் பொழிவைப் படம் பிடிக்க மறுபடியும் ஜவ்வாது மலைக்குப் போகிறோம். கேமராவை வானத்தோடு சேர்த்து மெல்லத் திருப்பும் கருவியை நாமே செய்கிறோம். இரண்டு பலகை, ஒரு கீல், 1 மி.மீ. புரி உள்ள எம்6 திருகு, அதை நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றும் மோட்டார். கீலுக்கும் திருகுக்கும் நடுவே ஏறக்குறைய 22.9 செ.மீ. விட்டால், பூமி சுழலும் அதே வேகத்தில் பலகை திறக்கும்.

போன வருடமும் இதைத்தான் செய்தோம். ஜமுனாமரத்தூரில் இருட்டில் பேட்டரியை இணைத்ததும் ஒரு கருகல் வாடை வந்தது. அதோடு எல்லாம் முடிந்தது. வயரிங்கில் ஏதோ கோளாறு என்று அன்று சொன்னேன். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. 7805 ரெகுலேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 7812 இருந்தது. இரண்டும் ஒரே உருவம், மூன்று கால்; மேலே அச்சடித்த எண் மட்டும்தான் வேறு. முதலாவது 5 வோல்ட் தரும், அடுத்தது 12 வோல்ட்டுக்கானது. என் மேசையில் இரண்டும் ஒரே பிஸ்கட் டப்பாவில் கிடந்தன. எடுத்துக் கொடுத்தவன் நான். வீட்டில் செல்போன் சார்ஜரில் நேராக ஓட்டிப் பார்த்ததால் தப்பு வெளியே தெரியவில்லை. மலையில் 12 வோல்ட் பேட்டரியை மாட்டியதும், 5 வோல்ட் போர்டுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு மின்னழுத்தம் போய்விட்டது.

வயரிங் செய்த தம்பி தன் தவறு என்று நினைத்துக் குழுவுக்கு வருவதையே நிறுத்திவிட்டான். இன்று வந்திருக்கிறான். தம்பி, உன் வேலை சரியாகத்தான் இருந்தது. என் மேசைதான் சரியில்லை. இதை அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

அதே மலையில் காவலூரில் வைனு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்தபோது, அங்குள்ள 1 மீட்டர் தொலைநோக்கி வழியாக அந்த ஒளி சில விநாடிகள் மங்கியது பதிவானது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பதற்கான சாட்சியங்களில் அதுவும் ஒன்று. அந்தச் சில விநாடிகள் யாருக்காகவும் காத்திருக்காது. அங்கே போய் டப்பாவைத் துழாவ முடியுமா?

ஆகவே இந்த ஞாயிறு ஒரு கம்பிகூட இணைக்கப்போவதில்லை. மேசையை மட்டும் ஒழுங்கு செய்யப்போகிறோம்.

முதலில் எல்லா மின் இணைப்பையும் பிடுங்கிவிட்டு, மேசையில் உள்ள அனைத்தையும் தரையில் பழைய போர்வை விரித்து இறக்குங்கள். லித்தியம் பேட்டரிகளை முதலில் தனியே எடுங்கள். அவற்றின் முனைகளில் டேப் ஒட்டுங்கள். உதிரிக் கம்பியோடு உரசினால் தீப்பிடிக்கும். உப்பியது எதையும் சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள். குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். 2022-ம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி தனியாகத்தான் கொடுக்க வேண்டும். நம் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் தூங்குகிறது என்பதை மறக்க வேண்டாம்.

மீதியை மூன்று குவியலாகப் பிரியுங்கள்: இந்த வேலைக்கு வேண்டியது, பிறகு வேண்டியது, வேண்டாதது. ‘என்றைக்காவது உதவும்’ என்று தோன்றுவதற்கு ஒரே ஒரு அட்டைப்பெட்டி. அது நிரம்பினால் ஒன்றை எடுத்துவிட்டுத்தான் இன்னொன்று.

ரெகுலேட்டர்களை எண் வாரியாகத் தீப்பெட்டிகளில் போட்டு மேலே எழுதுங்கள். ரெசிஸ்டர்களை நிறத்தை மட்டும் நம்பிப் பிரிக்காதீர்கள். சிவப்பு-சிவப்பு-பழுப்பு 220 ஓம். சிவப்பு-சிவப்பு-சிவப்பு 2,200 ஓம். டியூப்லைட் வெளிச்சத்தில் பழுப்பும் சிவப்பும் ஒன்றுபோலத் தெரியும். மல்டிமீட்டரில் அளந்தே போடுங்கள்.

சால்டரிங் அயர்னுக்கு நிலையான ஸ்டாண்டு, ஜன்னல் ஓரம். அதன் முனை 300 டிகிரிக்கு மேல் போகும். நாம் வாங்கும் சாதாரண சால்டரில் ஈயம் இருக்கிறது. அந்த மேசையில் காபி டம்ளர், முறுக்குத் தட்டு கூடாது. எழுந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

கடைசியாக, ஒரு செய்தித்தாள் விரிக்கும் அளவு இடத்தைக் காலியாக விடுங்கள். அங்கேதான் வேலை நடக்கும். வேலை முடிந்த இரவே அது மறுபடி காலியாக வேண்டும்.

என் மேசையிலிருந்தே தொடங்குகிறோம். காலை பத்து மணிக்கு வாருங்கள், தீப்பெட்டிகள் கொண்டுவாருங்கள். ரெகுலேட்டர் பெட்டிகளில் எண் எழுதும் பொறுப்பு, போன வருடம் வயரிங் செய்த தம்பிக்கு.