யானையும் அளவுகோலும்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



என் தொழிலைப் பற்றிப் பேசச் சொன்னால் பம்பு, வால்வு, பிரஷர் என்று போகும். உங்களுக்குத் தூக்கம் வரும், எனக்கு முன்னாலேயே வந்துவிடும். அதனால் செயலாளர் அண்ணன், "உன் காட்டுப் படங்களைப் பற்றிச் சொல்லேன்ப்பா" என்றார். அதிலும் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். யானை, காட்டெருமை, புலி போன்ற பெரிய விலங்குகளைப் படம் எடுக்கும்போது ஃபிரேமுக்குள் எதை விடுவது, எந்த நிறத்தில் காட்டுவது?

முதல் வருஷ டிராயிங் வகுப்பை நினைத்துப் பாருங்கள். ஸ்கேல் எழுதாமல் ஷீட்டைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. யானைப் படத்துக்கும் அதே விதிதாங்க. 500 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டி, முகத்தை மட்டும் ஃபிரேம் முழுக்க அடைத்து எடுத்தால் தோல் சுருக்கம் தெரியும், கண் இமை தெரியும், யானையின் பருமன் தெரியாது. பக்கத்தில் வேறொன்று இருந்தால்தானே பெரிசு சின்னது என்ற பேச்சே! அதே யானையை முதுமலையில் ஒரு மூங்கில் புதர் ஓரமாக, ஃபிரேமில் ஐந்தில் ஒரு பங்கு இடத்தில் நிற்க விடுங்கள். முதுகில் ஒரு உண்ணிக்கொக்கு உட்கார்ந்திருந்தால் இன்னும் நல்லது. அம்மாவின் கால்களுக்கு நடுவே குட்டி நின்றால் அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. அப்போதுதான் பார்க்கிறவர் வாயிலிருந்து "அடேயப்பா" வரும்.

கூட்டமாக நிற்கும்போது இன்னொரு சிக்கல். நான்கு யானைகள் ஒன்றையொன்று மறைத்தால் படத்தில் பதினாறு கால் உள்ள ஒரு பாறைதான் மிஞ்சும். உடல்களுக்கு நடுவே கொஞ்சம் வெளிச்சம் தெரியும்வரை காத்திருக்க வேண்டும். ஐந்து நிமிஷமோ, அரை மணியோ. நடக்கிற விலங்குக்கு அது போகிற பக்கம் இடம் விட வேண்டும். பாதத்தை வெட்டக் கூடாது. புல்லில் மறைந்திருந்தாலும் பாதம் இருக்கும் இடம்வரை ஃபிரேம் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் அவ்வளவு எடையும் எதன் மேல் நிற்கிறது என்றே தெரியாது. நாம் சிவில்காரர்கள் இல்லை என்றாலும் அஸ்திவாரம் இல்லாத கட்டடத்தை ஒப்புக்கொள்ள மாட்டோமே!

இனி நிறம். கேமராவின் ஒளிமானி, எதிரே இருப்பது நடுத்தரச் சாம்பல் என்று எண்ணிக் கணக்குப் போடுகிற பேர்வழி. யானை ஏறக்குறைய அந்தச் சாம்பல்தான், அதனால் பிழைத்தோம். காட்டெருமை ஃபிரேமை நிறைத்தால் அதன் கறுப்பை வெளுத்துக் காட்டப் பார்க்கும். ஒரு ஸ்டாப் குறைத்து எடுத்தால்தான் அந்த எண்ணெய்க் கறுப்பும், முழங்காலுக்குக் கீழே காலுறை போட்ட மாதிரியான வெளுப்பும் சரியாக வரும்.

யானைக்குச் சொந்த நிறம் ஒன்று, பூசிக்கொள்ளும் நிறம் ஒன்று. கென்யாவின் சாவோ பகுதியில் செம்மண்ணை வாரிப் பூசிக்கொண்டு யானைகள் செங்கல் நிறத்தில் திரியும். அதைச் "சரிசெய்கிறேன்" என்று கம்ப்யூட்டரில் சாம்பலாக்கினால் அந்த ஊரின் மண்ணையே அழித்த மாதிரி. புலி விஷயம் வேறு. அதன் செம்மஞ்சள் நமக்குத்தான் பளிச்சென்று தெரிகிறது. மானின் கண்ணுக்குச் செம்மஞ்சளும் பச்சையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். புலியைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் நாமும் ஓரளவு மானாகிவிடுவோம், கோடுகள் புல்லோடு போய்விடும். ஆகவே புலிக்கு வண்ணம், யானைக்குக் கறுப்பு வெள்ளை என்பது என் கட்சி. உருவமும் தோலும்தானே யானை! நம் மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1996-இல் மறைந்தார். அவருடைய கறுப்பு வெள்ளை யானைப் படங்களைப் பாருங்கள். பல படங்களில் காடும் ஒரு பாத்திரமாக நிற்கும். வண்ணம் மலிந்துவிட்ட 2014-இல்கூட உலக வனவிலங்குப் புகைப்படப் போட்டியில் முதல் பரிசு வாங்கியது மைக்கேல் நிக்கோல்ஸ் செரெங்கெட்டியில் எடுத்த கறுப்பு வெள்ளைச் சிங்கப் படம். சிங்கங்கள் பாறைமேல் குட்டிகளோடு படுத்திருக்கும். மேலே பெரிய வானம். சிங்கத்துக்கு ஃபிரேமில் கொடுத்த இடம் குறைவுதான்.

வண்ணத்தில் ஒரு சங்கடம் உண்டு, தம்பி தங்கைகள் இதைக் கேட்க வேண்டும். முதுமலையிலும் வயநாட்டிலும் மஞ்சள் கொன்றை என்று ஒரு மரம் பூத்துக் கொட்டும். சாம்பல் யானைக்குப் பின்னால் அந்த மஞ்சள் இருந்தால் காலண்டருக்கே போகலாம். ஆனால் அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து பரவிய மரம். அதன் அடியில் புல் சரியாக வளர்வதில்லை, யானைக்குத் தீனி போச்சு. உண்ணிச் செடிப் பூவும் இதே கதைதான். அந்த மஞ்சளை ஒதுக்கச் சொல்லவில்லை, எடுங்கள். ஆனால் கீழே இருக்கிற வெறும் தரையையும் சேர்த்து எடுங்கள். அப்படித்தான் மின்வேலி, தார்ச்சாலை, லாரி எல்லாம். குறுகலாக வெட்டி வெட்டி, யானைக்கு முடிவில்லாத காடு இருக்கிற மாதிரி நாமே காட்டிவிட்டால், காட்டை இழப்பது பற்றி யார் நம்புவார்?

இன்னொன்று. காதை அகல விரித்து, தலையைத் தூக்கி, நேராக லென்ஸைப் பார்க்கும் யானைப் படத்துக்குக் கைதட்டல் அதிகம். அது பெரும்பாலும் "இதற்கு மேல் வராதே" என்கிற எச்சரிக்கை. கூடலூர், மைசூர் சாலையில் காரை விட்டு இறங்கி, செல்ஃபோனோடு நெருங்குகிறவர்களுக்குக் கிடைப்பதும் இதே படம்தான். ஓடத் தெரியாவிட்டால் அதுவே கடைசிப் படம். யானை காதைச் சாவகாசமாக ஆட்டிக்கொண்டு மேய்கிற தூரத்தில் நில்லுங்கள், வண்டியை விட்டு இறங்காதீர்கள். அந்தத் தூரத்தில் மூங்கிலும் கொக்கும் குட்டியும் தானாகவே ஃபிரேமுக்குள் வந்துவிடும், விலையேறிய லென்ஸும் வேண்டாம். 70-200 போதும், அதையும் நண்பனிடம் இரவல் வாங்கலாம். (சிரிப்பு)

பதினெட்டுப் படங்களைப் பெரிதாக்கி டிராயிங் ஹாலில் மாட்டியிருக்கிறேன். பாதி வண்ணம், பாதி கறுப்பு வெள்ளை. ஒரே யானையை இரண்டு விதமாகவும் வைத்திருக்கிறேன், எது சரி என்று சாப்பாட்டுக்குப் பிறகு வந்து சண்டை போடுங்கள்.