தானே ஆறாத புண்

கையில் ஏற்பட்ட வெட்டுக்காயம் சில நாளில் மூடிவிடுகின்றது. முறிந்த எலும்பும் கட்டிவைத்தாற் சில கிழமைகளிற் கூடிவிடுகின்றது. ஆனால் முழங்காலினுள் எலும்பின் நுனியைப் போர்த்திருக்கும் வழுவழுப்பான கசியிழையம் ஒருமுறை பிய்ந்துபோனால் அது பழையபடி வளர்வதில்லை. குருத்தெலும்பு என்றும் வழங்கும் இவ்விழையத்தின் தடிப்புப் பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீற்றர் வரையே ஆகும். பந்தாட்டத்தில் விழுந்த இளைஞனொருவன் இருபது வயதில் அதில் ஒரு துண்டை இழப்பானாயின், முதுமை வருமுன்னரே படியேறுவதும் அவனுக்குத் துன்பமாகிவிடக் கூடும்.

இவ்வுண்மை புதிதன்று. அழிந்த கசியிழையம் மீள்வதில்லை என்பதை வில்லியம் ஹன்ரர் என்னும் அறிஞர் 1743ஆம் ஆண்டிலேயே இலண்டன் றோயல் சங்கத்தின் முன் எடுத்துரைத்தார். காரணம் அவ்விழையத்தின் அமைப்பிலேயே உள்ளது. அதனுள் இரத்தக்குழாய் இல்லை, நரம்பும் இல்லை. புண்ணை ஆற்றும் கலங்களைச் சுமந்துவரும் இரத்தம் அங்கே எட்டுவதில்லை. அதன் நிறையில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு நீர். எஞ்சியதிற் பெரும்பகுதி நாரும் புரதமும். அவற்றிடையே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கலங்கள் தனித்து வாழ்கின்றன.

கலங்கள் குறைவாயின், அவற்றைப் பெருக்கி இடலாமன்றோ? சுவீடன் நாட்டின் கோத்தன்பேர்க் நகரத்து மருத்துவர்கள் 1987இல் இவ்வழியைத் தொடங்கினர். நோயாளியின் மூட்டிலிருந்தே நல்ல கலங்களை எடுத்து, ஆய்வுகூடத்தில் வளர்த்து, பழுதடைந்த இடத்திற் சேர்த்தனர். 23 நோயாளர் பெற்ற பயனை 1994இல் வெளியிட்டனர். எனினும் இம்முறைக்கு ஓர் இடையூறு உண்டு. தட்டையான பாத்திரத்திற் பெருக்கப்படும் கசியிழையக் கலங்கள் தம் இயல்பை மறந்து, தழும்பில் உள்ளதைப் போன்ற முரட்டு நாரைச் சுரக்கத் தொடங்குகின்றன. அவ்வாறு மாறிய கலங்களைக் கடற்பாசியிலிருந்து பெற்ற கூழினுள் இட்டபோது அவை இழந்த இயல்பை மீண்டும் பெற்றதை 1982இல் பென்யா, ஷாபர் என்னும் ஆய்வாளர் இருவர் கண்டறிந்தனர். தட்டையான தரையன்று, நீர் நிறைந்த மென்மையான சூழலே அக்கலங்களுக்கு ஏற்ற வீடு என்பது இதனாற் புலனாயிற்று.

அத்தகைய வீடே ஐதரோஜெல். நுங்கை எண்ணிப் பார்த்தால் இதன் தன்மை எளிதில் விளங்கும். அதிற் பெரும்பகுதி நீரே. ஆயினும் அது வழிந்தோடாமல் உருவத்தோடு நிற்கின்றது. நீண்ட மூலக்கூறுகள் வலைபோற் பின்னி நீரைப் பிடித்துவைத்தல் இக்கூழ்களின் இயல்பு. மருத்துவப் பயனுக்கென இவ்வகைக் கூழொன்றைச் செயற்கையாக ஆக்கும் முறையைப் பிராக் நகரத்து ஒற்றோ விக்ரர்லேயும் திரகோசிலாவ் லீமும் 1960இல் வெளியிட்டனர். கண்ணில் அணியும் மென்வில்லை அதன் வழிவந்ததே. இன்று கசியிழையத்துக்கு ஆக்கப்படும் கூழோ கொத்தன் கட்டும் சாரக்கட்டுப் போன்றது. சுவர் எழும்வரை அது தாங்க வேண்டும். சுவர் எழுந்தபின் அகல வேண்டும். கலங்கள் புதிய இழையத்தைக் கட்டும் வேகத்துக்கு ஏற்பவே கூழ் கரையவேண்டும் என்பதிலேதான் அதன் அருமை உளது.

இவ்வளவும் கைகூடினாலும் ஓர் அபாயம் எஞ்சி நிற்கின்றது. கலத்துக்கு இதமான ஈரமும் மென்மையும் பற்றீரியாவுக்கும் இதமானவையே. உடல்நலம் உள்ளோரின் மூக்கிலும் தோலிலும் வாழத்தக்க ஸ்ரபிலோகொக்கசு என்னும் நுண்ணுயிர் சத்திரசிகிச்சையின்போது மூட்டினுட் புகுமாயின், சில நாட்களிலேயே இருக்கும் நல்ல கசியிழையத்தையும் அழிக்க வல்லது. உடலுள் வைக்கப்படும் பொருளின் மேற்பரப்பை யார் முதலிற் பிடிப்பது என்று உடற்கலமும் பற்றீரியாவும் பந்தயம் ஓடுகின்றன என்று கிறிஸ்ரினா என்னும் அறிஞர் 1987இல் விளக்கினார். பற்றீரியா முந்திவிட்டால், அது பிசின்போன்ற போர்வையைப் பின்னி அதனுள் ஒளிந்துகொள்ளும். பின்னர் மருந்தும் அதனை எளிதில் வெல்வதில்லை.

ஆதலாற் கூழே காவலனாகவும் அமையவேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. நுண்ணுயிர்கொல்லி மருந்தைக் கூழிற் கலப்பது ஒரு வழி. ஆயின் தொடக்கத்தில் மருந்து விரைந்து வெளியேறிவிட, பின்னர் கசியும் சிறு அளவு பற்றீரியாவைக் கொல்லாது பழக்கிவிடக் கூடும். பெனிசிலினைக் கண்டறிந்த பிளெமிங் 1945இல் நோபெல் பரிசு உரையிலேயே குறைந்த அளவு மருந்தின் தீமையை எச்சரித்துள்ளார். வெள்ளி அயன் இன்னொரு வழி. அளவு மிஞ்சினால் அது மனிதக் கலத்தையும் வருத்தும். இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலிருந்து பெறப்படும் கைற்றோசான் மூன்றாவது. அதன் நேர்மின்னேற்றம் பற்றீரியாவின் எதிர்மின்னேற்றமுடைய புறத்தைப் பற்றிச் சிதைக்கின்றது. அமிலத்தன்மை குறைந்த இடத்தில் அவ்வாற்றல் தளர்வதால், அதன் மூலக்கூற்றை மாற்றியமைத்து வலுவூட்டுகின்றனர். பற்றீரியா பெருகும் இடத்தில் அமிலம் மிகுவதைக் கொண்டு, அங்கு மட்டும் மருந்தை விடுவிக்கும் கூழ்களும் ஆராயப்படுகின்றன.

பற்றீரியாவைக் கொல்வது மட்டுமே நோக்கமாயின் அது எளிது. கொதிநீரும் அதனைச் செய்யும். பகைவனை அழிக்கும் அதே பொருள் அருகிலிருக்கும் கலத்தைப் பேணவும் வேண்டும் என்பதே இங்குள்ள சிக்கல். எனவே கலத்தையும் பற்றீரியாவையும் தனித்தனியே சோதித்தல் போதாது. இரண்டையும் ஒரே கூழில் ஒருங்கே விட்டு, எது வாழ்கின்றது, எது மாள்கின்றது என்று பார்த்தலே நேர்மையான சோதனையாகும்.

இத்தகைய கூழ்களுட் பெரும்பாலானவை ஆய்வுகூடத்திலும் விலங்குச் சோதனையிலுமே நிற்கின்றன. நடக்கும்போது முழங்கால் உடல் நிறையின் சில மடங்கைத் தாங்குகின்றது. அந்த அழுத்தத்தைப் பல ஆண்டு பொறுக்கும் இழையம் விளைந்ததா என்பதைக் காலமே காட்டவேண்டும். விழுந்த இளைஞன் எழுந்து நடப்பது மட்டும் போதாது. முதுமையிலும் அவன் நோவின்றிப் படியேறவேண்டும். அதுவே இம்முயற்சியின் உண்மையான அளவுகோல்.