ஏடும் நாடாவும்

(மன்றத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

கவிதையைப் பற்றிப் பேசவல்லார் பலர் இவ்வவையில் வீற்றிருக்கிறீர்கள். எனக்கு இட்ட பணி, அக்கவிதைகள் வாழும் இடத்தைப் பற்றிப் பேசுவது. பத்தாண்டுகளாக இங்கே படிக்கப்பெற்ற கவிதைகளும் கவியரங்க ஒலிப்பதிவுகளும் என் வீட்டு மாடியறையில் உள்ள ஒரு சிறு சர்வரில் இருக்கின்றன. வழங்கி என்று தமிழில் சொல்கிறோம். மறைந்த மூத்த கவிஞர்கள் இருவரின் குரல் இன்று அங்கே மட்டுந்தான் ஒலிக்கிறது.

அதனுள் நான்கு வன்தட்டுகள் உள்ளன. ஒன்று பழுதானால் மற்றவை ஈடுசெய்யும். அப்படியானால் கவலை ஏது என்பீர்கள். தட்டுப் பழுதுக்கு மட்டுமே அது மருந்து. கைதவறி ஒரு கோப்பை அழித்தால் நான்கிலும் அது அழியும். மின்னல் தாக்கினாலும், நச்சு நிரல் புகுந்தாலும் நான்குக்கும் ஒரே கதிதான்.

ஆகவேதான் காந்த நாடாவை நாடினேன். கணிப்பொறிக்கான நாடா இயந்திரத்தை ஐ.பி.எம். நிறுவனம் 1952இல் அறிமுகப்படுத்தியது. இதைக் காலங்கடந்த பொருள் என்று எண்ணற்க. 2000இல் வெளிவந்த எல்.டி.ஓ. வகை நாடா தலைமுறை தலைமுறையாக வளர்ந்து வருகிறது. என்னிடம் இருப்பது அதன் 5ஆம் தலைமுறை. ஓர் அலுவலகம் கழித்துவிட்ட பழைய இயந்திரம். உள்ளங்கை அகலப் பேழை ஒன்றில் 1.5 டெராபைட் அடங்கும். எழுதி முடித்தபின் பேழையை வெளியே எடுத்து அலமாரியில் வைத்துவிடலாம். கம்பித் தொடர்பு இல்லாத ஒன்றை எந்த நிரலும் தீண்ட முடியாது. 2011 பிப்ரவரியில் ஜிமெயிலில் நேர்ந்த மென்பொருள் பிழையால் பல்லாயிரவர் மடல்கள் மறைந்தன. வெவ்வேறு இடங்களில் வைத்திருந்த படிகளும் அப்பிழைக்குத் தப்பவில்லை. அம்மடல்களை மீட்டுத் தந்தவை நாடாக்களே.

நாடாவுக்கும் குறையுண்டு. நன்கு பேணினால் முப்பது ஆண்டு தாங்கும் என்று செய்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் 5ஆம் தலைமுறை நாடாவை 7ஆம் தலைமுறை இயந்திரம் வரையில்தான் படிக்கும்; 8ஆம் தலைமுறை இயந்திரம் படிக்காது. நாடா உயிரோடிருக்க, அதைப் படிக்கும் கருவி முந்திப் போய்விடும். எனவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய நாடாவுக்குப் பெயர்த்தெழுதியே ஆக வேண்டும்.

இது நமக்குப் புதிதன்று. ஓலை செல்லரிக்குமுன் அடுத்த ஓலையில் பெயர்த்தெழுதியவர்களின் மரபு நம்முடையது. 1887இல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார் என்றால், அவர் கைக்கு ஏடு வந்து சேரும்வரை பெயரறியாத பலர் படியெடுத்து வந்தார்கள் என்பது பொருள். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் ஓலைச்சுவடிகளும் இருந்தன. வேறிடத்தில் படியிருந்த நூலை மீண்டும் பெறலாம். படியில்லாத சுவடி போனது போனதுதான்.

படி இருந்தால் மட்டும் போதாது. அது படிக்கத் தக்கதாக இருக்க வேண்டும். மூன்று திங்களுக்கு ஒருமுறை ஒரு நாடாவை முழுவதும் மீளப் படித்து, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். அக்காலத்தில் ஏடு படியெடுத்தோர், ஒருவர் படிக்க ஒருவர் ஒத்துப்பார்த்த வேலைதான் இது. ஒத்துப்பாராத படியை நம்பி மூலத்தை இழப்பதற்கில்லை.

இம்மன்றத்தின் முன் என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, நாடாக்களின் ஒரு தொகுதி என் வீட்டில் அல்லாமல் வேறோர் ஊரில், ஓர் உறுப்பினர் இல்லத்தில் இருக்க வேண்டும். மற்றொன்று, இயக்கும் முறையை நான் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். இளைஞர் இருவர் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும். இன்று இதை அறிந்தவன் நான் ஒருவனே. நான்கு தட்டுகளும் பல நாடாக்களும் இருந்தும், அந்த ஓரிடத்தில் நம்மிடம் மறுபடி இல்லை.

அவ்விருவர் இன்றே முன்வருவார்களானால், அடுத்த பத்தாண்டுக் கவிதைகளுக்கும் இடம் உறுதியாகும்.